பெட்டிக்குள் வெய்யில்

கோடை பிறந்துவிட்டால் பத்திரிகை ஆசிரியர்களுக்கு என் ஞாபகம் வந்துவிடும். "வெய்யிலைப் பற்றி ஏதாவது சுவையாக எழுதிக் கொடுங்களேன்" என்பார்கள். நானும் இத்தனை வருஷங்களாக நுங்கு, பானகம், வெட்டிவேர்த் தட்டி, மொட்டைமாடித் தூக்கம், நீர்மோர்ப் பந்தல் என்று ஒவ்வொன்றாக எழுதித் தீர்த்துவிட்டேன். இனி எழுத மிச்சம் இருப்பது ஒரே ஒரு வெய்யில்தான். அது எங்கள் வீட்டுக் கூடத்தில், சுவர் அலமாரிக்குள், நானே என் கையால் கதவைச் சாத்தி அடைத்து வைத்த வெய்யில். அதைப் பற்றி எழுதினால் சுவையாக இருக்குமா என்பது சந்தேகம். எழுதாவிட்டால் என் மனசு ஆறாது என்பது மட்டும் நிச்சயம்.

விஷயம் இதுதான். என் மருமகள் வீட்டில் இருந்தபடியே ஒரு தொழில் செய்கிறாள். கட்டடம் கட்டுகிறவர்கள் அவளுக்கு வரைபடம் அனுப்புவார்கள். அதில் கோடும் எண்ணும் தவிர வேறொன்றும் இராது. அவள் அதைக் கம்ப்யூட்டரில் வாங்கி, சுவர் எழுப்பி, தளம் போட்டு, ஜன்னல் வைத்து, மேஜை நாற்காலி எல்லாம் இறக்கி, மாலை நாலு மணி வெய்யில் மேற்கு ஜன்னல் வழியாக விழுந்தால் தரையில் எப்படிப் படியும் என்பது வரைக்கும் காட்டுகிற படமாக்கி அனுப்புவாள். அஸ்திவாரம்கூடத் தோண்டாத வீட்டைப் புகைப்படம் எடுத்தாற்போல இருக்கும்.

நான் நாலு பக்கம் வர்ணித்தும் வாசகர் கண்ணுக்குள் கொண்டுவர முடியாத ஒரு கூடத்தை அவள் ஒரே படத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறாள். இதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். பிற்பாடு நடந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

இப்படி ஒரு படத்தை முடிப்பதற்கு 'ரெண்டர்' என்று பெயர். ஜன்னலில் புகுந்த வெளிச்சம் தரையில் பட்டு, தரையிலிருந்து சுவருக்குத் தாவி, சுவரிலிருந்து கூரைக்கு ஏறி, கடைசியில் பார்க்கிறவன் கண்ணுக்கு எந்த நிறத்தில் வந்து சேரும் என்று புள்ளி புள்ளியாகக் கணக்குப் போட வேண்டும். ஒவ்வொரு கணக்கும் சின்னது. ஆனால் கோடிக்கணக்கில் போட வேண்டும். இதற்கு ஒரு மகா பண்டிதரை உட்கார வைப்பதைவிட, வாய்ப்பாடு மட்டும் தெரிந்த பத்தாயிரம் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன்களை ஒரே சமயத்தில் உட்கார வைப்பது மேல். அந்தப் பத்தாயிரம் பையன்களின் பள்ளிக்கூடத்துக்குத்தான் கிராபிக்ஸ் கார்டு என்று பெயர்.

பள்ளிக்கூடம் எவ்வளவு பெரியது என்கிறீர்கள்? ஓர் அங்குலச் சதுரம். அதற்குள் சுமார் 2,800 கோடி டிரான்ஸிஸ்டர்கள். முழு மூச்சாக வேலை செய்யும்போது அந்தக் கார்டு குடிக்கிற மின்சாரம் 350 வாட். பழைய கூரை விசிறி ஒன்று 75 வாட் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய ஐந்து விசிறிகள். ஆனால் விசிறி காற்றையாவது தள்ளுகிறது. கார்டோ எதையும் தள்ளுவதில்லை, தூக்குவதில்லை. கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். குடித்த மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். 350 வாட் மின்சாரம் உள்ளே போனால் 350 வாட் சூடு வெளியே. இந்த வரவு செலவில் ஒரு பைசா தள்ளுபடி கிடையாது.

இந்தக் கம்ப்யூட்டரை வாங்குவதற்கு மருமகள் தன் தாய்வீட்டில் போட்ட வளையல் நாலில் இரண்டை அடகு வைத்தாள். வீட்டில் ஆளுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. "இத்தனை காசுக்கு ஒரு பெட்டியா?" என்றாள் என் மனைவி. "பேசாம ஒரு கம்பெனியில வேலைக்குப் போயிடலாம்" என்றான் என் பிள்ளை. நான் ஒன்றும் சொல்லவில்லை. பெண்கள் சொந்தக் காலில் நிற்பதைப் பற்றி மூன்று நாவல் எழுதியவன் நான். ஆகையால் ஆதரவாகச் சிரித்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

பெட்டி வந்தது. கூடத்தில் என் எழுதும் மேஜைக்கு எதிர்ப்புறம் அவளுடைய மேஜை. அதன் காலடியில் பெட்டி. முதல் வாரமெல்லாம் பூனை தூங்குவதுபோல் மெல்லிசாக ஒரு சத்தம். வேலை சேரச் சேர சத்தமும் ஏறியது. இரவு பத்து மணிக்கு மேல், வீடு அடங்கிய பிறகு, நான் பேனாவை எடுக்கிற சமயத்தில்தான் அதற்கும் வேகம் பிறக்கும். மாவு மில்லுக்குப் பக்கத்தில் குடியிருப்பதுபோல இருந்தது. அப்போது நான் ஒரு நாவலின் பன்னிரண்டாவது அத்தியாயத்தில் இருந்தேன். கதாநாயகி ஒரு முடிவெடுக்க வேண்டும். இந்த இரைச்சலில் அவள் எப்படி முடிவெடுப்பாள்?

மருமகள் நாலு நாள் தாய்வீட்டுக்குப் போயிருந்தபோது நான் தச்சரைக் கூப்பிட்டேன். கூடத்துச் சுவரில் பழைய துணிமணி வைக்கிற மர அலமாரி ஒன்று உண்டு. அதைக் காலி செய்து, பெட்டியை உள்ளே தூக்கி வைத்து, கம்பிகள் வெளியே வருவதற்குப் பின்பலகையில் இரண்டு ஓட்டை போட்டு, கதவைச் சாத்தினேன். நிசப்தம்! எனக்கு இருந்த சந்தோஷத்தில் தச்சருக்கு ஐம்பது ரூபாய் கூடவே கொடுத்தேன்.

ஊரிலிருந்து வந்தவள் கொஞ்ச நேரம் அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம், "காத்து வருமா மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஓட்டை போட்டிருக்கேனே அம்மா" என்றேன்.

அந்த இரண்டு ஓட்டைகளையும் கம்பிகளே அடைத்துக்கொண்டிருந்தன. அதை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். மாமனார் கைப்பட ஏற்பாடு செய்துவிட்டதை ஒரு பெண் எத்தனை தடவை கேள்வி கேட்க முடியும்? ஒரு தடவைதான். அந்த ஒரு தடவையை அவள் கேட்டாகிவிட்டது.

இது நடந்தது தை மாதம். தை, மாசி எப்படியோ ஓடிற்று. பங்குனியில், "ஏன் இவ்வளவு நேரம் ஆகுது?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அரைமணி நேரத்தில் முடிகிற படம் முக்கால் மணி, பிறகு ஒரு மணி என்று இழுத்தது. "மிஷினுக்கும் சோம்பல் வந்தாச்சு" என்று நான் வேடிக்கை பண்ணினேன். சித்திரை பிறந்தது. கத்திரி வெய்யில் ஆரம்பித்தது. எங்கள் வீடு மேல்மாடி. தலைக்குமேல் மொட்டைமாடித் தளம்தான். பகலெல்லாம் குடித்த வெய்யிலை அந்தத் தளம் இரவு இரண்டு மணி வரைக்கும் எங்கள் தலையில் கக்கிக்கொண்டிருக்கும்.

கோயம்புத்தூரில் ஒருவர் பெரிய குடியிருப்பு ஒன்று கட்டப்போகிறார். பன்னிரண்டு படங்கள் வேண்டும், திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் வந்தாக வேண்டும் என்று சொல்லியிருந்தார். இது சரியாக அமைந்தால் அடுத்த கட்டமும் அவளுக்குத்தான். வளையல் திரும்பி வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்குப் படங்களை வரிசையாக ஓடவிட்டாள். ஒன்பதரைக்குத் திரை சட்டென்று இருண்டது. அலமாரிக்குள்ளே மட்டும் விசிறிகள் பேய் பிடித்ததுபோல் சுற்றுகிற சத்தம். அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். ஒரு படம் முடிந்தது. இரண்டாவதில் மறுபடி இருண்டது. இப்படி இரவு முழுவதும். விடியற்காலை நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, கன்னத்தில் கைவைத்து அந்தக் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்கு ஐந்து படங்கள்தான் போயின. கோயம்புத்தூர்க்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. "பரவாயில்லைம்மா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, மிச்சத்தையும் அடுத்த கட்டத்தையும் வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டார். கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை.

வீட்டில் பஞ்சாயத்து கூடிற்று. "அப்பவே சொன்னேன்" என்றான் பிள்ளை. "கண் திருஷ்டி" என்றாள் என் மனைவி. "கரண்ட் ஏற்ற இறக்கமாக இருக்கும்" என்றேன் நான். ஆளுக்கு ஒரு திசையைப் பார்த்தோமே தவிர, அலமாரியை ஒருவரும் பார்க்கவில்லை.

மருமகள் பெட்டியை ஆட்டோவில் ஏற்றி ரிச்சி தெருவில் ஒரு கடைக்குக் கொண்டுபோனாள். குளிர்சாதன அறை. மேஜைமேல் வைத்து, பெட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள். தங்கமாக ஓடிற்று. வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தால் அரைமணியில் இருள். மறுபடி கடை, மறுபடி தங்கம். அம்மா வீட்டில் சமர்த்தாகவும் மாமியார் வீட்டில் நோயாளியாகவும் இருக்கிற பெண்ணைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட பெண்ணைப் பற்றி ஊர் என்ன சொல்லும்? நடிக்கிறாள் என்று சொல்லும், அல்லது உடம்பிலேயே கோளாறு என்று சொல்லும். மாமியார் வீட்டைப் போய் யாரும் பார்க்கமாட்டார்கள். கடைக்காரரும் அப்படியே, "கார்டு வீக் ஆயிடுச்சு. புதுசுதான் போடணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். புதுசு ஒரு லட்சத்துக்கு மேல். மிச்சம் இருந்த இரண்டு வளையலை அவள் பார்த்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில் அவள் சிநேகிதி ஒருத்தி, தனக்குத் தெரிந்த ரிப்பேர்ப் பையன் ஒருவனை வீட்டுக்கு அனுப்பி வைத்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். தோளில் ஒரு பை. காப்பி வேண்டாம் என்றான். நேரே, "அக்கா, சி.பி.யூ. எங்கே?" என்றான். நான் அலமாரிக் கதவைத் திறந்தேன். அவன் உள்ளே கையை நீட்டினான். பொங்கல் பானையில் கைவைத்தவன்போல் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"யார் சார் இதை உள்ளே வெச்சது?"

கூடத்தில் நாலு பேர் இருந்தோம். கூரை விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். கனைத்ததோடு சரி.

"இடம் இல்லைன்னு வெச்சோம்" என்றாள் மருமகள்.

'வைத்தோம்'! தமிழில் பன்மை விகுதிக்கு இவ்வளவு பெரிய மனசு உண்டென்று நாற்பது வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிற எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பையன் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினான். கார்டின் உள்ளே எத்தனை டிகிரி என்று அதுவே சொல்லுமாம். கதவைச் சாத்திவிட்டு ஒரு படத்தை ஓடவிட்டான். எண் ஏறத் தொடங்கிற்று. எழுபது, எண்பது, எண்பத்தெட்டு. எல்லாம் செல்சியஸ் கணக்கில். பக்கத்தில் இருக்கிற ஞாபகச் சில்லுகள் 110. "இதுக்கு மேல ஏறாது சார்" என்றான். "ஏன், அதுக்கு மேல சூடே இல்லையா?" என்று கேட்டேன். "அதுக்கு மேல போனா கருகிடும்னு அதுவே வேகத்தைக் குறைச்சுக்கும். பாருங்க, பாதி வேகத்துலதான் ஓடுது. அப்பவும் தாங்கலைன்னா தானே நின்னுடும்."

அதாவது பங்குனி மாதம் முழுவதும் அது சோம்பேறியாக இருக்கவில்லை. மூச்சு முட்டுகிறது என்று, தனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. விசிறியின் இரைச்சலும் அந்தப் பாஷைதான். அது கூச்சல் போட்டபோது நான் கதவைச் சாத்தினேன். மெதுவாக நடந்தபோது வேடிக்கை பண்ணினேன். கடைசியில் விழுந்தபோது கரண்டைக் குறை சொன்னேன்.

கதவைத் திறந்த மாத்திரத்தில் எண் எட்டு டிகிரி இறங்கிற்று. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அந்தக் கார்டில் இருக்கிற விசிறிகள் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. பக்கத்தில் இருக்கிற காற்றை வாங்கி, சூட்டின்மேல் ஊதித் தள்ளுகின்றன, அவ்வளவுதான். வாங்குகிற காற்று பத்து டிகிரி கூடுதலானால் கார்டும் ஏறக்குறைய பத்து டிகிரி கூடுதலாகத்தான் இருக்கும். அலமாரிக்குள் அது தான் விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. பின்னால் நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அலமாரியில் ஒரு கன மீட்டர் காற்று. பெட்டி மொத்தமும் சேர்ந்து 500 வாட். சுவரும் பலகையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளாமல் இருந்தால், அந்தக் காற்று ஒரே நிமிஷத்தில் இருபது டிகிரிக்கு மேல் சூடேறிவிடும். 2003-ம் வருஷம் மே 31-ம் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி அடித்தபோது, சென்னை எரிகிறது என்று நாங்களெல்லாம் புலம்பினோம். அதைவிடக் கடுமையான ஒரு நாளை நான் தினமும் இரவு பத்து மணிக்கு அந்த அலமாரிக்குள் உற்பத்தி செய்திருக்கிறேன்.

பையன் பெட்டியைப் பால்கனிக்குத் தூக்கிப்போய்க் கார்டைக் கழற்றினான். ஒரு பெரிய செங்கல் அளவு இருந்தது. அதில் பெரும்பகுதி சூட்டை விரட்டுகிற சாதனம்தான். சீப்புப் பல்போல் நெருக்கமான அலுமினியத் தகடுகள், நடுவே வளைந்து போகும் செப்புக் குழாய்கள், மேலே மூன்று விசிறிகள். தகடுகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளிபோல ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. அவன் அதைக் கிள்ளி எடுத்து முகர்ந்து பார்த்தான்.

"வீட்டுல சாம்பிராணி போடுவீங்களாம்மா?"

"வெள்ளி செவ்வாய் தவறாது" என்றாள் என் மனைவி, ஏதோ சர்டிபிகேட் கொடுத்துவிட்டான் என்ற பெருமையோடு.

சாம்பிராணிப் புகையில் ஒரு பிசுக்கு உண்டு. அது தகட்டில் படிகிறது. துணியிலிருந்து உதிர்கிற பஞ்சும் தெருத் தூசியும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. தகடுகளுக்கு இடையே காற்று நுழைய வழி இல்லாமல் போகிறது. நான் கதவைச் சாத்தினேன் என்றால், மிச்சத்தை வீட்டின் பக்தி பார்த்துக்கொண்டது. குற்றத்தில் பங்குக்கு ஆள் கிடைத்ததில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டாயிற்று என்பதையும் மறைக்கப் போவதில்லை.

அவன் ப்ளோயரால் ஊதும்போது விசிறி இறக்கைகளை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். ஏன் என்று கேட்டேன். "சும்மா விட்டா இந்தக் காத்துல கன்னாபின்னான்னு சுத்தி பேரிங் போயிடும் சார்" என்றான். பிறகு திருகாணிகளைக் கழற்றித் தகட்டுக் கூட்டைச் சில்லிலிருந்து பிரித்தான். இரண்டுக்கும் நடுவே வெண்மையாக ஏதோ காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அதுதான் 'பேஸ்ட்'டாம்.

இது எனக்குப் புதிய பாடம். கண்ணாடிபோல் வழவழவென்று இருக்கிற இரண்டு உலோகப் பரப்புகளும் பூதக்கண்ணாடியில் பார்த்தால் மேடும் பள்ளமும்தானாம். அவை ஒன்றை ஒன்று தொடுவது மேடுகளில் மாத்திரம். பள்ளங்களில் காற்று நிற்கிறது. காற்று சூட்டைக் கடத்துவதில் படு மட்டம். கம்பளி நம்மைக் குளிரிலிருந்து காப்பதே அதற்குள் காற்று அடைபட்டிருப்பதால்தான். அந்தப் பள்ளங்களை நிரப்பச் சூட்டைக் கடத்துகிற ஒரு பசையைத் தடவுகிறார்கள். ஓயாத சூட்டில் பசை நாளடைவில் உலர்ந்து, ஓரங்களுக்கு ஒதுங்கி, மறுபடி காற்று புகுந்துவிடுகிறது. பார்ப்பதற்கு இரண்டும் ஒட்டிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் ஒன்றின் சூடு மற்றொன்றுக்குப் போகாது. ஒரே கூரையின்கீழ் இருக்கிற மனிதர்களுக்கும் இது நேர்வதுண்டு.

ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் பழைய பசையை அவன் துடைத்தான். புதியதை மெல்லிசாகத் தடவினான். ஞாபகச் சில்லுகளின்மேல் இருந்த மெத்தை வில்லைகளை எடுத்துவிட்டு, அதே கனத்தில் புதுசு வெட்டி வைத்தான். "கொஞ்சம் தடிமனா போட்டா நல்லதில்லையா?" என்று என் அறிவைக் காட்டினேன். "தடிமனானா இந்தப் பக்கம் தூக்கிக்கும். நடுச் சில்லு தகட்டைத் தொடாது சார்" என்றான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

செப்புக் குழாயை மட்டும் விடாமல் விசாரித்தேன். உள்ளே கொஞ்சம் தண்ணீர் இருக்கிறதாம். காற்றை இறைத்துவிட்டு மூடியிருப்பதால் குறைந்த சூட்டிலேயே அது ஆவியாகிவிடும். சில்லின் பக்கம் ஆவியாகி, தகட்டின் பக்கம் ஓடிக் குளிர்ந்து, நீராகி, உள்சுவரில் இருக்கிற திரி வழியாக மறுபடி சில்லுக்கே திரும்பி வரும். இட்லிப் பானை மூடியில் ஆவி கோத்துத் திரும்பச் சொட்டுகிறதே, அதே வேலை. இந்த யோசனைக்கு 1944-லேயே அமெரிக்காவில் காக்லர் என்பவர் காப்புரிமை வாங்கியிருக்கிறார். அதை அப்படியே கிடக்கவிட்டார்கள். 1963-ல் லாஸ் அலமாஸில் ஜார்ஜ் குரோவர் என்ற விஞ்ஞானி தாமாகவே அதை மறுபடி கண்டுபிடித்தார். அந்தக் குழாய் இப்போது எங்கள் வீட்டுப் பால்கனியில், வற்றல் காயப் போட்ட முறத்துக்குப் பக்கத்தில் கிடந்தது.

பெட்டி திரும்ப எங்கே போவது என்ற கேள்வி வந்தது. "ஜன்னல் ஓரமா, சுவத்துலேர்ந்து ஒரு சாண் தள்ளி, தரையில வைக்காம ஒரு ஸ்டூல் மேல" என்றான் பையன். ஜன்னல் ஓரத்தில் இருந்தது என் எழுதும் மேஜை. யாரும் என்னைப் பார்க்கவில்லை. யாரும் பார்க்காமல் இருக்கச் சிரமப்பட்டார்கள் என்று சொல்வதுதான் சரி. நானே எழுந்து மேஜையின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். பிள்ளை மறுபக்கம் பிடித்தான்.

பெட்டியை வைத்து, அதே படத்தை ஓட்டினார்கள். அறைச் சூடு 34. கார்டு 72-ல் நின்றது, ஞாபகச் சில்லுகள் 94. பையன் கடைசியாக இன்னொன்றும் செய்தான். 350 வாட் குடிக்கிற கார்டை 280-க்குமேல் குடிக்காதபடி கட்டுப்படுத்தினான். எண் இன்னும் ஆறு டிகிரி இறங்கிற்று. வேகம் பாழாகிவிடுமே என்று நாங்கள் பயந்தோம். அரைமணி நேரத்துப் படத்துக்கு இரண்டு நிமிஷம்தான் கூடிற்று. வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். அழுத்தம் இரண்டு மடங்கானால் செலவு நாலு மடங்காகும். ஆகவே கடைசி இரண்டு நிமிஷத்தை மிச்சம் பிடிக்கத்தான் எழுபது வாட் போய்க்கொண்டிருந்ததாம். ஓட்டத்தில் கடைசி அடிதான் எப்போதும் அதிக விலை.

"கார்டுக்கு ஒண்ணும் இல்லக்கா. நல்ல கார்டு" என்றான் பையன் போகும்போது. என் மருமகள் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை எந்தக் கார்டாலும் கணக்குப் போட முடியாது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தச் சூடு சமாசாரத்தைப் பற்றி எடுத்துப் படித்தேன். 1946-ல் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் என்ற கம்ப்யூட்டரைக் காட்டினார்கள். ஏறக்குறைய 18,000 வால்வுகள், 150 கிலோவாட். அதற்கென்றே ஊதுவிசிறிகள் வைத்துத்தான் அதைக் கட்டியிருந்தார்கள். கணக்குப் போடுகிற யந்திரத்துக்குக் காற்று வேண்டும் என்பது அவர்களுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. இன்னொன்றும் படித்தேன். நாம் சொகுசுக்கு வைத்துக்கொள்கிற குளிர்சாதனம் முதன்முதலில் மனிதனுக்காகப் பிறக்கவே இல்லை. 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகம். காற்றில் ஈரம் ஏறி இறங்க, காகிதம் உப்பிச் சுருங்கி, ஒரு நிறத்தின்மேல் மற்றொரு நிறம் சரியாகப் பதியவில்லை. அதைச் சரிசெய்ய வில்லிஸ் காரியர் என்ற இளைஞர் ஒரு யந்திரம் வகுத்தார். அதுதான் ஆரம்பம். படம் நன்றாக வர வேண்டுமானால் அது பிறக்கிற இடத்தின் காற்றைக் கவனிக்க வேண்டும் என்று அந்த அச்சகக்காரர்களுக்குத் தோன்றியிருக்கிறது. காகிதத்தை நம்பியே நாற்பது வருஷம் சோறு தின்ற எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை மருமகள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். எனக்கு இப்போது மேஜை சமையலறைக்கு அடுத்த சின்ன அறையில். ஜன்னல் உண்டு, ஆனால் எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்த ஜன்னல்.

"அம்மா, அதை அலமாரியில வெச்சது நான்தான்" என்றேன். ஊருக்கே தெரிந்ததைச் சொல்வதற்கு எனக்கு ஒரு ராத்திரி வேண்டியிருந்தது.

"தெரியும் மாமா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அந்த நாவல் முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் பதில் சொல்லச் சிரமமாக இருந்தது. தை மாதத்திலிருந்து சித்திரை வரைக்கும், அவ்வளவு நிசப்தத்தில், நான் எழுதியது பதினோரு பக்கம். அதில் ஏழு பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். கதாநாயகி இன்னும் முடிவெடுக்கவில்லை.

"இல்லைம்மா" என்றேன்.

"முடிஞ்சதும் குடுங்க. அட்டைப் படம் நான் போட்டுத் தரேன்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

கோயம்புத்தூர் வேலை போனது போனதுதான், திரும்பி வரவில்லை. வளையலும் இன்னும் வரவில்லை. சின்னச் சின்ன வேலைகள் வருகின்றன. வெள்ளி செவ்வாய்களில் சாம்பிராணி இப்போது வாசல் பக்கம் புகைகிறது. மாதம் ஒரு தடவை ப்ளோயரால் தூசி ஊதுகிற பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன். விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள மறப்பதில்லை. மர அலமாரியில் பழையபடி துணிமணிதான் இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கிற இந்த நேரத்திலும், கூடத்தில் அது இரைந்துகொண்டுதான் இருக்கிறது. யாரோ ஒருவருடைய, இன்னும் கட்டாத வீட்டில், மாலை வெய்யில் தரையில் விழுந்துகொண்டிருக்கிறது போலிருக்கிறது. இரையட்டும்.